சுவிஸ் மூதாதையரின் சொந்த ஊரைத் தேடுவது எப்படி

என் கணவரின் குடும்பம் ஐந்து தலைமுறையாக ஒஹாயோவின் வேய்ன் கவுண்டியில் இருக்கிறது. மாமியார் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் உண்டு. மேல் பாதி மழையில் தேய்ந்துவிட்டது, கீழே இருக்கும் ஒரு வரியைத்தான் படிக்க முடிகிறது: பிறந்தது பெர்ன் கான்டன், சுவிட்சர்லாந்து. நம் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் முதலில் வருவது "சொந்த ஊர் எது?" என்ற கேள்விதானே, அதையே நான் மாமியாரிடம் கேட்டேன். "சுவிஸ்" என்றார். சுவிஸில் எங்கே என்றால் அவருக்குத் தெரியாது, அவர் அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்த ஊரைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் ஆனது, அதில் பாதிக்கு மேல் தப்பான வழியில் போனது. வழி தெரிந்தால் அவ்வளவு நாள் தேவையில்லை. அமெரிக்காவிலோ கனடாவிலோ சுவிஸ் வம்சத்தில் பெண் எடுத்தவர்களும் கொடுத்தவர்களும் நம்மில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். குழந்தைகள் பள்ளியில் குடும்ப மரம் வரையும்போது நம் பக்கம் நாலு தலைமுறை நிரம்பி, அந்தப் பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்தால் மனசு கேட்காது. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு சொல்லைப் புரிந்துகொள்ளுங்கள்

ஹைமாட்ஓர்ட். சில கான்டன்களில் இதையே பியூர்கர்ஓர்ட் என்பார்கள். கான்டன் என்பது நம் மாநிலம் மாதிரி, மொத்தம் 26 இருக்கின்றன. ஹைமாட்ஓர்ட் என்றால் ஒரு சுவிஸ்காரர் எந்த ஊரின் குடியுரிமை பெற்றவரோ அந்த ஊர். அவர் பிறந்த ஊர் வேறாக இருக்கலாம், வாழ்ந்த ஊர் இன்னொன்றாக இருக்கலாம். அந்தக் காலத்தில் அது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்தது, அந்தப் பிள்ளை அங்கே ஒரு நாள்கூட இருந்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கும் சுவிஸ் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊருக்குப் பதிலாக இந்த ஊரைத்தான் போடுகிறார்கள்.

மூன்று தலைமுறையாகச் சென்னையில் இருப்பவரைக் கேட்டாலும் "எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம்" என்று சொல்வார் இல்லையா, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் நமக்கு அது பேச்சு வழக்கு, அவர்களுக்குச் சட்டம். ரோஜர் ஃபெடரர் பிறந்தது பாசலில், அவருடைய ஹைமாட்ஓர்ட் சங்க்ட் காலன் கான்டனில் உள்ள பெர்னெக். கார் கம்பெனிக்குப் பெயர் கொடுத்த லூயி செவ்ரொலே 1878-ல் லா ஷோ-த-ஃபோனில் பிறந்தார், அவர் குடும்பத்தின் ஊர் பொன்ஃபோல். கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த ஆலையின் சொந்தக்காரர் சுட்டர் பிறந்த இடம் சுவிட்சர்லாந்திலேயே இல்லை, ஜெர்மனிப் பக்கத்தில் உள்ள கான்டெர்ன். ஆனாலும் சட்டப்படி அவர் ரியூனென்பெர்க் ஊரைச் சேர்ந்த சுவிஸ்காரர்தான்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒரு குடும்பத்தைப் பற்றிய தகவல் கடைசியில் வந்து சேரும் இடம் இந்த ஊர்தான். அந்தக் காலத்தில் ஒருவர் ஏழையாகிவிட்டால் அவருக்குச் சோறு போட வேண்டிய பொறுப்பு அவருடைய ஹைமாட்ஓர்ட்டுக்கு இருந்தது, அதனால் யார் எங்கள் ஆள், யார் இல்லை என்று ஊர்க்காரர்கள் கவனமாகக் கணக்கு வைத்தார்கள். கஷ்ட காலத்தில் சில ஊர்கள் தங்கள் ஏழைகளுக்குக் கப்பல் கட்டணம் கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பியே விட்டன. ஆர்காவ் கான்டனின் ரோத்ரிஸ்ட் என்ற ஊர் 1855-ல் 305 பேரை ஒரே நேரத்தில் அனுப்பியது. ஊருக்கு அது செலவு மிச்சம், போனவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது.

ஆக, ஊரின் பெயர் கையில் கிடைக்கும்வரை சுவிஸ் பக்கம் திரும்பவே வேண்டாம். "பெர்ன் கான்டன்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே தேடுவது, "தஞ்சாவூர் ஜில்லா, பெயர் முருகன்" என்று வைத்துக்கொண்டு தேடுவது போலத்தான்.

வந்து சேர்ந்த நாட்டில் தேடுங்கள்

ஊர்ப் பெயர் பெரும்பாலும் வந்து சேர்ந்த நாட்டிலேயே எங்காவது எழுதப்பட்டிருக்கும். வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். குடும்ப பைபிளின் முதல் பக்கங்கள், பழைய கடிதங்களின் உறை, போட்டோவின் பின்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். போட்டோ எடுத்த ஸ்டுடியோவின் ஊர்கூட ஒரு துப்புதான்.

அடுத்து அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1850-லிருந்துதான் வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரும் வருகிறது, 1900-ல் எந்த வருஷம் வந்தார் என்று கேட்டிருக்கிறார்கள், 1920-ல் குடியுரிமை பெற்ற வருஷமும் உண்டு. 1890-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பு தீ விபத்துக்குப் பிறகு அநேகமாக முழுவதும் போய்விட்டது, அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கணக்கெடுப்பில் ஊர்ப் பெயர் கிடைப்பது அபூர்வம், ஆனால் வருஷம் கிடைக்கும், அந்த வருஷத்தை வைத்துக் குடியுரிமைக் காகிதத்தைத் தேடலாம். 1906-க்குப் பிந்தைய குடியுரிமை விண்ணப்பங்களில் பிறந்த ஊரும் வந்த கப்பலும் இருக்கும். அதற்கு முந்தையவற்றில் பல நேரம் "சுவிஸ் குடியரசு" என்று மட்டும் எழுதி முடித்திருப்பார்கள்.

கப்பல் பட்டியல் என்றதும் எல்லோரும் நியூயார்க்கில் குடியேறிகளைப் பதிவு செய்த எல்லிஸ் தீவுக்குப் போகிறார்கள். அது திறந்ததே 1892-ல். அதற்கு முன் 1855 முதல் 1890 வரை நியூயார்க்கில் கேஸில் கார்டன் இருந்தது. சுவிஸ்காரர்கள் நிறையப் பேர் பிரான்ஸின் ல ஆவ்ர் துறைமுகம் வழியாக வந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் வந்தவர் என்றால் ஃபிலடெல்ஃபியாவைப் பாருங்கள். அங்கே 1727 முதல் ஜெர்மன் பேசி வந்த ஆண்கள் விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, அந்தப் பட்டியல்கள் அச்சிலேயே கிடைக்கின்றன. அவற்றில் சுவிஸ்காரர்களையும் சேர்த்துப் "பாலட்டைன்கள்" (ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதிக்காரர்கள்) என்று ஒரே பெயரில் எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்து ஜெர்மன்காரர் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

என் அனுபவத்தில் மிகவும் உதவுவது ஜெர்மன் மொழியில் வழிபாடு நடந்த பழைய சபைகளின் பதிவேடுகள். அங்கிருந்த போதகர்களும் அதே பக்கத்திலிருந்து வந்தவர்கள், "சுவிட்சர்லாந்து" என்று எழுதுவதில் அவர்களுக்கு அர்த்தமே இல்லை, ஊரைத்தான் எழுதுவார்கள். எங்களுக்கு விடை கிடைத்தது அப்படித்தான், அதுவும் நேராக இல்லை. நாங்கள் தேடிய பெரியவரைப் பற்றி எங்கும் எதுவும் இல்லை. ஆனால் அவருடைய அக்காவின் கல்யாணப் பதிவு பக்கத்து ஊர்ச் சபையில் இருந்தது. அதில் மணப்பெண்ணின் பெயருக்குப் பின்னால் சின்ன எழுத்தில் "லங்னாவைச் சேர்ந்தவள்" என்று இரண்டு சொற்கள். லங்னாவ் பெர்ன் கான்டனில் உள்ள ஊர். சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததும், மாமியாரை எழுப்பிக் கூப்பிட்டதும் இன்னும் அப்படியே ஞாபகத்தில் இருக்கிறது.

அதனால் ஒருவரை மட்டும் தேடாதீர்கள். அண்ணன், தங்கை, மைத்துனர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், பக்கத்து நிலத்துக்காரர் என்று சுற்றி இருந்த எல்லோரையும் தேடுங்கள். சுவிஸ்காரர்கள் கூட்டமாக வந்தார்கள். விஸ்கான்சினில் உள்ள நியூ கிளாரஸ் அதற்கு நல்ல உதாரணம். 1845 ஏப்ரலில் கிளாரஸ் கான்டனிலிருந்து 193 பேர் ஒன்றாகக் கிளம்பினார்கள், ஆகஸ்டில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் 108 பேர். இப்படிப்பட்ட ஊரில் பக்கத்து வீட்டுக்காரரின் பூர்வீகம் தெரிந்தால் உங்கள் ஆளின் பூர்வீகமும் பாதி தெரிந்த மாதிரி.

பெயர் மாறியிருக்கும்

மியூல்லர் மில்லர் ஆகியிருப்பார், ஷ்னைடர் ஸ்னைடர் ஆகியிருப்பார், ஏஷ்லிமான் எஷில்மன் ஆகியிருப்பார். சிலர் பெயரை அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டார்கள், ட்சிமர்மான் என்றால் தச்சர், அதனால் கார்பென்டர். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஆங்கிலக் காது அதை எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள்.

இன்னொரு சுவிஸ் பழக்கம் நமக்குப் பெரிய உதவி. கல்யாணமான ஆணின் பெயரோடு மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரை ஒரு கோடு போட்டுச் சேர்த்து எழுதுவார்கள். மையர்-ஹூபர் என்று ஒரு கடிதத்தில் பார்த்தால், மையர் வீட்டுக்காரர், மனைவி ஹூபர் வீட்டுப் பெண் என்று அர்த்தம். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் ஊரில் யார் யார் என்று பிரிக்க இது போதும்.

சரி, பெயரின் பழைய வடிவம் கிடைத்துவிட்டதா? இப்போது சுவிஸ் குடும்பப் பெயர்ப் பதிவேட்டைத் திறங்கள். சுவிஸ் வரலாற்றுக் கலைக்களஞ்சியத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. 1962-ல் எந்தெந்த ஊரில் எந்தெந்தக் குடும்பப் பெயருக்குக் குடியுரிமை இருந்தது, அது எப்போதிலிருந்து என்று அதில் பார்க்கலாம். 1800-க்கு முன்பிருந்தே அந்த ஊரைச் சேர்ந்தவர்கள் என்றால் அதுவும் தெரியும். சில பெயர்கள் ஒன்றிரண்டு ஊர்களில்தான் இருக்கும், அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1962-க்கு முன்பே வம்சம் அற்றுப்போன குடும்பங்கள் இதில் வராது, அதனால் பெயர் இல்லை என்றவுடன் மனம் தளர வேண்டாம்.

ஊர்ப் பெயரிலும் கண்ணி உண்டு. பூக்ஸ் என்ற பெயரில் ஆர்காவ், சங்க்ட் காலன், ஜூரிக், லூசர்ன் என நாலு கான்டன்களில் ஊர் இருக்கிறது. எல்லைகளும் மாறியிருக்கின்றன. 1798 வரை வோ கான்டனும் ஆர்காவின் ஒரு பகுதியும் பெர்னின் ஆட்சியில் இருந்தன, ஆகவே 1740-ல் "பெர்ன்காரர்" என்று எழுதப்பட்டவர் இன்றைய ஆர்காவ்காரராக இருக்கலாம். கிளாரஸில் 2011-ல் 25 ஊராட்சிகளை மூன்றாகச் சேர்த்துவிட்டார்கள், பழைய ஊராட்சியின் பெயரை இன்றைய பட்டியலில் தேடினால் கிடைக்காது.

இப்போது சுவிட்சர்லாந்துக்கு

நாடு முழுவதும் அரசே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிவு செய்ய ஆரம்பித்தது 1876 ஜனவரி 1 அன்று. அதற்கு முன்பு எல்லாம் தேவாலயப் பதிவேடுதான். சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைப் பகுதிகளில் 1520-களிலேயே இது தொடங்கிவிட்டது, ஜூரிக்கில் சீர்திருத்தத் தலைவர் ஸ்விங்லி காலத்திலேயே ஞானஸ்நானப் பதிவு கட்டாயமானது. கத்தோலிக்கப் பகுதிகளில், திரெந்து பொதுச்சங்கம் என்ற திருச்சபை மாநாடு 1563-ல் முடிந்த பிறகு மெல்ல வந்தது. நானூறு வருஷத்துக்கும் மேலாக ஒரு சாதாரண விவசாயக் குடும்பத்தைப் பின்தொடர முடிகிற நாடுகள் உலகத்தில் அதிகம் இல்லை.

இந்தப் பதிவேடுகள் ஒரே இடத்தில் இல்லை என்பதைப் புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கான்டனுக்கும் தனி ஆவணக் காப்பகம், தனி விதி. பெர்ன் கான்டனின் அரசு ஆவணக் காப்பகம் பழைய தேவாலயப் பதிவேடுகளைப் படமெடுத்து இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. வேறு சில கான்டன்களுக்கு ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் படங்கள் உண்டு, கணக்கு தொடங்க காசு வேண்டாம், ஆனால் சில படங்களை அவர்களுடைய மையத்துக்கு நேரில் போனால்தான் பார்க்க முடியும். சமீப காலத்துப் பதிவுகள் தனியுரிமைக் காரணத்தால் மூடியே இருக்கும், அவற்றுக்கு உறவு முறையைக் காட்டி அந்தந்தப் பதிவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.

பக்கத்தைத் திறந்ததும் முதலில் ஒன்றுமே புரியாது. பழைய ஜெர்மன் கையெழுத்து, குர்ரென்ட் என்பார்கள். அதில் 'ஈ' (e) என்ற எழுத்து 'என்' (n) மாதிரி இருக்கும், 'யு'வின் (u) தலைமேல் ஒரு வளைவு இருக்கும். நான் செய்தது இதுதான்: தெரிந்த குடும்பப் பெயரை அந்தக் கையெழுத்தில் ஐம்பது தடவை எழுதிப் பார்த்தேன். அதன்பின் பக்கத்தைப் படிக்க வேண்டியதில்லை, அந்த வடிவத்தைக் கண் தானாகப் பிடித்துவிடும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும், மூன்று வாரத்தில் பழகிவிடும்.

மாதங்களில் ஏமாந்துவிடாதீர்கள். 7 போட்டுப் பக்கத்தில் 'பெர்' என்று எழுதியிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். 8பெர் அக்டோபர், 9பெர் நவம்பர், 10பெர் டிசம்பர். லத்தீனில் அந்த மாதப் பெயர்களுக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்றுதான் பொருள். நாள்காட்டியிலும் குழப்பம் உண்டு. கத்தோலிக்கக் கான்டன்களில் பெரும்பாலானவை 1584-லேயே புது நாள்காட்டிக்கு மாறிவிட்டன, ஜூரிக், பெர்ன் போன்றவை 1701-ல்தான் மாறின. இடைப்பட்ட காலத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் தேதி பத்து நாள் வித்தியாசப்படும்.

பெர்ன் பக்கத்து ஞானஸ்நானப் பதிவில் குழந்தை, அப்பா, அம்மா, அதன்பின் சாட்சிகள் என்று வரிசையாக இருக்கும். பெரும்பாலும் ஆண் குழந்தைக்கு இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும், பெண் குழந்தைக்கு இரண்டு பெண்களும் ஓர் ஆணும் சாட்சியாக நிற்பார்கள். அந்தச் சாட்சிகளின் பெயரைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். பல நேரம் அது மாமா, அத்தை, சித்தப்பாதான், குழந்தைக்கு வைக்கும் பெயரும் அவர்களுடையதாகவே இருக்கும்.

எனக்கு வருஷக்கணக்கில் நேரம் போனது ஒரே ஒரு தவறால். லங்னாவ் என்று தெரிவதற்கு முன், வேறோர் ஊரின் பதிவேட்டில் அதே பெயர், அதே வருஷத்தில் ஒரு குழந்தையைக் கண்டுபிடித்து, இவர்தான் எங்கள் தாத்தா என்று முடிவு செய்து, அந்தக் குழந்தையின் முன்னோரை ஆறு தலைமுறை வரைக்கும் எழுதிவிட்டேன். பிறகு ஒரு நாள் வேறு எதையோ தேடி அடக்கப் பதிவேட்டைப் புரட்டியபோது அந்தக் குழந்தை இரண்டு வயதில் இறந்துபோனது தெரிந்தது. அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது, எழுதியது வீணானதற்காக மட்டும் இல்லை, அந்தக் குழந்தைக்காகவும்தான். ஒரு குழந்தை இறந்தால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அங்கே சகஜம். ஆகவே ஞானஸ்நானப் பதிவு கிடைத்தவுடன் சந்தோஷப்படுவதற்கு முன், அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்து அடக்கப் பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டை விடப் பெரிய புதையல் ஊர்க் குடும்பப் பதிவேடு. பெர்னில் 1820-களிலிருந்து ஒவ்வொரு ஹைமாட்ஓர்ட்டும் தன் குடியுரிமைக்காரர்களைக் குடும்பம் குடும்பமாக எழுதி வைத்தது, பூர்கர்ரோடல் என்று பெயர். ஒரே பக்கத்தில் அப்பா, மனைவி, மனைவியின் பிறந்த ஊர், எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆள் வேறு ஊரில் குடியிருந்தாலும் இங்கே பதிவாகும். எங்கள் பெரியவரின் ஞானஸ்நானம் லங்னாவ் தேவாலயத்தில் நடக்கவே இல்லை, அவருடைய அப்பா ட்ரூப் என்ற பக்கத்து ஊரில் குத்தகைக்கு இருந்திருக்கிறார். லங்னாவ் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "ட்ரூப்" என்று இருந்தது, ஓரத்தில் வேறு மையில் "அமெரிக்கா" என்று எழுதியிருந்தார்கள்.

ஊர் உறுதியான பிறகு மனசுக்கு நிறைவு தருவது மற்ற காகிதங்கள். வெளிநாடு போகிறவரின் பெயரை அரசிதழில் போடுவார்கள், கடன் கொடுத்தவர்கள் வந்து கேட்பதற்காக. ஊராட்சி ஆவணங்களில் பயணச் செலவு கொடுத்த கணக்கு இருக்கலாம். பெர்ன் பகுதியில் கோர்கெரிஹ்ட் என்ற ஒழுக்க நீதிமன்றத்தின் குறிப்பேடுகள் உண்டு. யார் குடித்துவிட்டுச் சண்டை போட்டார், எந்தப் புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறு, யார் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வரவில்லை என்று போதகர் எழுதி வைத்திருப்பார். தேதிகளாக மட்டும் இருந்த மனிதர்கள் அங்கேதான் பேச ஆரம்பிக்கிறார்கள்.

நேர்வழியில் வராதவர்கள்

குடும்பம் மெனோனைட் அல்லது ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது என்றால் நடுவில் ஒரு நிறுத்தம் இருக்கும். பெர்ன் கான்டனின் எம்மெந்தால் பள்ளத்தாக்கிலிருந்தும் ஜூரிக் பக்கத்திலிருந்தும் மத நம்பிக்கைக்காக விரட்டப்பட்டவர்கள் பிரான்ஸின் ஆல்சேஸ், ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதிகளில் ஒன்றிரண்டு தலைமுறை தங்கிவிட்டுப் பிறகு பென்சில்வேனியா போனார்கள். அந்தத் தலைமுறைகளை அங்கேதான் தேட வேண்டும், சுவிஸ் பதிவேட்டில் திடீரென்று ஒரு வெற்றிடம் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

எல்லோரும் அமெரிக்காவுக்கும் போகவில்லை. 1819-ல் ஃப்ரீபூர் பக்கத்திலிருந்து சுமார் 2000 பேர் பிரேசிலுக்குக் கிளம்பினார்கள், பிழைத்துப் போய்ச் சேர்ந்தவர்கள் நோவா ஃப்ரிபூர்கோவில் குடியேறினார்கள். அர்ஜென்டினாவின் எஸ்பெரான்சா 1856-லும், உருகுவேயின் நுவேவா ஹெல்வேசியா 1862-லும் உருவானவை. இலங்கையின் பறங்கியர் குடும்பம் என்றால் டி மியூரோன் படைப்பிரிவை நினைவில் வையுங்கள். நெவ்ஷாத்தெல்காரர் ஒருவர் 1781-ல் டச்சுக் கம்பெனிக்காகத் திரட்டிய இந்தச் சுவிஸ் கூலிப்படை இலங்கையில் இருந்தது, 1795-ல் பிரிட்டிஷாரிடம் போனது, 1799-ல் திப்புவுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் சண்டையிட்டது. டச்சுக் கம்பெனிக் கப்பல்களின் சம்பளப் பதிவேடுகள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பெயரையும் ஊரையும் வைத்து இணையத்திலேயே தேடலாம்.

கடிதம் எழுதுவதும் போய்ப் பார்ப்பதும்

காப்பகத்துக்கு எழுதும்போது அந்தக் கான்டனின் மொழியில் எழுதுங்கள், சுருக்கமாக, ஒரே ஒரு கேள்வி. "இன்ன பெயர், ஏறக்குறைய இந்த வருஷம் பிறந்தவர், இந்த ஊரின் குடியுரிமை உள்ளவர், இந்த வருஷம் அமெரிக்கா போனார், இவருடைய குடும்பப் பதிவின் நகல் வேண்டும், கட்டணம் எவ்வளவு?" இது போதும். குடும்பக் கதையை மூன்று பக்கம் எழுதினால் பதில் வரத் தாமதமாகும். குடும்பச் சின்னம் விற்கும் கடைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள், ஒரே குடும்பப் பெயர் என்பதற்காக அந்தச் சின்னம் உங்களுடையது ஆகிவிடாது. மற்றவர்கள் இணையத்தில் போட்டிருக்கும் குடும்ப மரங்களைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மூலப் பக்கத்தைக் கண்ணால் பார்க்கும்வரை உங்கள் மரத்தில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக ஊருக்கே போகிறீர்கள் என்றால், கல்லறையைத் தேடி அலையாதீர்கள். அங்கே ஒரு கல்லறையை வழக்கமாக 20, 25 வருஷம்தான் வைத்திருப்பார்கள், அப்புறம் கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒஹாயோவில் இருக்கும் எங்கள் தேய்ந்த கல்லுக்கு இருக்கும் ஆயுசு லங்னாவில் எந்தக் கல்லுக்கும் இல்லை. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதி, பழைய பண்ணை வீட்டின் பெயர் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். எம்மெந்தாலில் பண்ணைகளுக்குப் பெயர் உண்டு, பல இன்னும் அதே பெயரில் அதே இடத்தில் நிற்கின்றன. பிறகு தேவாலயத்துக்குள் போய் ஞானஸ்நானத் தொட்டி எங்கே என்று கேளுங்கள். நாங்கள் ட்ரூப்பில் அப்படித்தான் கேட்டோம். மாமியார் பக்கத்தில் போய் நின்று அந்தக் கல் விளிம்பில் கையை வைத்தார், ரொம்ப நேரம் அந்தக் கையை எடுக்கவே இல்லை.